வசந்தாமணி மிதித்த எலுமிச்சம்பழம்

முனியப்பன் மீசை மேல் ஆணை, என் வாயில் இருக்கும் பல்செட் மேல் ஆணை, நாற்பத்தெட்டு வருஷம் லாரிகளுக்கு பிரேக் லைனர் மாற்றிக் கறுத்துப்போன இந்த இரண்டு கைகளின் மேல் ஆணை: நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் கிடையாது, அரைச் சொல்கூடக் கிடையாது. பொய்யென்று நினைப்பவர்கள் வெள்ளப்பாறைக்கு வந்து, காலை ஏழு மணிக்கு எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் நின்று, அந்த வீட்டுத் தாய்மார்களின் வலது காலைப் பார்த்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகும் நம்பாதவர்களுக்கு நான் காபி வாங்கித் தரமாட்டேன், அவ்வளவுதான்.

வெள்ளப்பாறை லாரிக்காரர்களின் ஊர். பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுகிற சத்தத்தில்தான் பிள்ளைகள் தூங்கும். சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழும். ஊரில் பாதி ஆண்கள் நாகப்பூர் லைனிலும் மீதி ஆண்கள் குவாஹாட்டி லைனிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் செங்கோடன், பதினாறு சக்கர லாரியை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவர். அவர் மனைவி வசந்தாமணி, புருஷன் பனிமூட்டத்தில் போகிறார், மலை இறங்குகிறார், ஆற்றுவெள்ளத்தில் மூன்று நாள் நிற்கிறார் என்றெல்லாம் போனில் கேட்டுவிட்டு, "சரிங்க, சாப்டுங்க" என்று வைத்துவிட்டு மாவாட்டப் போகிற பெண்மணி. பதினாறு சக்கரத்துக்குப் பயப்படாத அந்தப் பெண்மணிதான், மகள் தரணிகாவுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வந்ததும், நாலு சக்கரத்தை நினைத்து நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தார்.

கார் வாங்காமல் முடியாது. தரணிகா படிக்கிற கல்லூரி முப்பத்துநாலு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறவேண்டும். இரண்டாவது பஸ் வந்தால் வரும். ஆகவே ஷோரூமிலிருந்து லோகநாதன் என்கிறவர் டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ஆறு ஏர்பேக் என்றார். முன்னால் ஏதாவது தெரிந்தால் தானே பிரேக் பிடிக்கிற கேமரா என்றார். கோட்டைத் தாண்டினால் கத்தும், பெல்ட் போடாவிட்டால் கத்தும், தூங்கி விழுந்தால் கத்தும் என்றார். "அதுக்கும் மேல பாருங்க அக்கா, புள்ள வண்டியெடுத்தா உங்க போனுக்கு மெசேஜ் வரும். எண்பதத் தாண்டுனா மெசேஜ் வரும். எங்க நிக்குதுன்னு மேப்புல தெரியும். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"எல்லாஞ் சரி தம்பி," என்று வசந்தாமணி கேட்டார், "எனக்குப் பயமா இருந்தா என்ன பண்ணும் இந்த வண்டி?"

லோகநாதனின் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

வண்டி வந்தது, வெள்ளை நிறம். எங்கள் ஊர் வழக்கப்படி நேராக முனியப்பன் கோயிலுக்குக் கொண்டுபோய், பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி ஒருமுறை நகர்ந்து நாலையும் நசுக்கவேண்டும், அப்போதுதான் வண்டிக்கு வர இருக்கிற அடியெல்லாம் பழத்தோடு போகும். தரணிகா முதல் கியர் போட்டு நகர்த்தினாள். முன்னால் இரண்டு பழம் நசுங்கியது, பின்னால் வலது பக்கம் ஒன்று நசுங்கியது, பின்னால் இடது பக்கப் பழம் மட்டும் எப்படியோ உருண்டு, சக்கரத்துக்கு எட்டாமல், மண்ணில் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. எப்படி உருண்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். மாரப்பன் பூசாரி அதற்குள் அடுத்த லாரிக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். மூன்று பழம் நசுங்கிய வண்டியில் தன் மகளை அனுப்புவதாவது! வசந்தாமணி சுற்றுமுற்றும் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், வலது குதிகாலால் அந்த நாலாவது பழத்தை ஒரே மிதியாக மிதித்தார். சாறு விரலிடுக்கில் ஏறியது. "ஆச்சு, போலாம்" என்றார்.

எங்கள் ஊரில் ஆயிரம் வண்டிக்குப் பூஜை நடந்திருக்கிறது. சக்கரம் செய்யவேண்டியதைக் கால் செய்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தரணிகா கிளம்பினாள். வசந்தாமணி அடுப்படியில் நின்று, ஒரு கையில் வெங்காயமும் ஒரு கையில் போனுமாக, மேப்பில் ஊர்ந்துபோகிற நீலப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடைமேடை தாண்டியதும் அங்கே ஆட்டுக்காரர்கள் வருவார்களே என்று தோன்றியது. ஓர் ஆடு குறுக்கே ஓடுவதாகவே தோன்றியது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற எல்லாப் பெற்றவர்களும் செய்வதைப் போல, வலது காலைத் தரையில் ஓங்கி அழுத்தினார். நீலப்புள்ளி நின்றது. போன் அடித்தது.

"அம்மா, வண்டி தானா நின்னுபோச்சு. நான் பிரேக்கத் தொடவேயில்ல."

"ஆடு ஏதும் வந்துச்சா கண்ணு?"

"ஆடா? உனக்கெப்புடித் தெரியும்? ஒரு கெடா ஓரமா நின்னு புல்லுத் தின்னுட்டிருக்குது. அது பாட்டுக்குத் திங்குது. அதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா."

லோகநாதனைக் கேட்டால், "கேமரா ஆட்டப் பார்த்திருக்குமுங்க, அதுதான் எங்க வண்டியோட பெருமையே" என்றார். ஆனால் மூன்றாம் நாள் வசந்தாமணி குளியலறையில் ஒரு கரப்பான்பூச்சியை மிதித்தார், வண்டி கல்லூரி வாசலில் இருநூறு பேர் பார்க்கக் குலுங்கி நின்றது. கேமராவுக்குக் கரப்பான்பூச்சி தெரிய நியாயமில்லை. வண்டி என் பட்டறைக்கு வந்தது.

நான் ஜாக்கி போட்டு, இடது பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, "அம்மிணி, வலது கால லேசா அழுத்துங்க" என்றேன். அழுத்தினார், நின்றது. எடுத்தார், சுழன்றது. டிரம்மைக் கழற்றினால் எலுமிச்சை வாசம் குப்பென்று அடிக்கிறது. குனிந்து அவர் குதிகாலைப் பார்த்தேன். டயரில் இருக்கிற அதே வரிப்பள்ளம், அதே வளைவு, ஒரு சின்னக் கூழாங்கல்கூட மாட்டியிருந்தது. "ஒண்ணுமில்லீங்க அம்மிணி, பிரேக் லைன் உங்க குதிகால்ல வந்து முடியுது. ஒரு சக்கரம் நின்னா மத்த மூணும் மரியாதைக்கு நின்னுக்குது" என்றேன். நாற்பத்தெட்டு வருஷத்தில் இதைவிட விசித்திரமான வயரிங் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

வசந்தாமணியின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ரத்தக்களை வந்தது. "அப்ப நல்லதுதானுங்க மேஸ்திரி" என்றார். வீட்டுக்குப் போய் மூன்று தட்டு சோறு சாப்பிட்டாராம்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததைக் கேளுங்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை, டி.வி.க்காரர்களைக் கூப்பிடவில்லை. பங்க்சர் கடை சடையன் மட்டும், காரின் காற்றைப் பார்க்கும் முன்னால், "அக்கா, கால் எப்புடி இருக்குதுங்க?" என்று கேட்கத் தொடங்கினார். கால் வீங்கியிருந்தால் காற்று அதிகம், கால் மரத்திருந்தால் காற்று கம்மி, நொண்டினால் ஆணி. மாரியம்மன் பண்டிகையில் வசந்தாமணி குண்டம் இறங்கித் தீ மிதித்தபோது, வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த காரின் டயர் புகைந்ததால், அடுத்த வருஷம் முதல் காருக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு ஆள் நிற்கவேண்டும் என்று கோயில் கமிட்டி தீர்மானம் போட்டது. மாதம் முடிவதற்குள், பதினெட்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்தெல்லாம் முனியப்பன் கோயிலுக்கு வண்டி வந்தது. மூன்று பழம் சக்கரத்துக்கு, நாலாவது பழம் அம்மாவுக்கு, அம்மா இல்லாத வீட்டில் அப்பாவுக்கு. மாரப்பன் பூசாரியும் சளைக்காமல், "நசுக்குங்க, நல்லா குதிகால்ல நசுக்குங்க, வெரல்ல நசுக்குனா ஹாரன் அடிக்கும்" என்று புது சாஸ்திரமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிற கௌசல்யா டீச்சரும் பழத்தை மிதித்துவிட்டார். சாயந்திரம் வகுப்பில் அவர் தட்டடவு போட்டபோதெல்லாம் அவர் மகனின் கார் ஈரோடு ரோட்டில் தையா தை என்று நின்று நின்று போனது. பின்னால் வந்த வண்டிகளும் வேறு வழியில்லாமல் அதே தாளத்தில் வந்தன. டெய்லர் குமரேசன் மிதித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். தீபாவளித் துணி தைக்கிற வரைக்கும் அவர் மகள் வண்டியில் உட்கார்ந்தவர்களுக்குக் கழுத்து சுளுக்கிப் போனது. ரேஷன் கடை வரிசையில் யாராவது கோபத்தில் காலை உதைத்தால் எங்கேயோ ஒரு பிள்ளை நடுரோட்டில் நின்றது. ஆனாலும் பெற்றவர்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பிள்ளைகள் முகத்தில்தான் இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் தரணிகா ஒருநாள், சாவியை மேஜையில் வைத்துவிட்டு. "வண்டிய நான் ஓட்டறனா, நீ ஓட்டறயா?"

"நீதான் கண்ணு ஓட்டற. நான் சும்மா காலத்தான் வெக்கறேன்."

"இன்னைக்கு எத்தன தடவ வெச்சன்னு தெரியுமா? நாப்பத்தொரு தடவ. ஒண்ணுக்குக்கூட அங்க எதுவும் இல்ல. வெறும் ரோடும்மா."

கேமரா இருப்பதை மட்டும் பார்க்கும். பெற்றவள் இல்லாததையும் பார்ப்பாள். அதை எப்படி ஒரு பிள்ளையிடம் சொல்வது?

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஐப்பசி மழையில், பைபாஸ் பாலத்தின் மேல் தரணிகா ஒரு கரும்பு டிராக்டரைத் தாண்டினாள். தாண்டுவதற்கு வேகம் வேண்டும், எண்பதைத் தாண்டியது, வசந்தாமணியின் போன் கத்தியது, கால் இறங்கியது. முழு பலத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு இறங்கியது. ஈர ரோட்டில், தாண்டும் பாதையில், பாலத்தின் நடுவில் கார் அப்படியே அறைந்த மாதிரி நின்றது. பின்னால் பதினாறு சக்கரத்தில் இருபத்தைந்து டன்னோடு ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர், நாகப்பூரிலிருந்து பதினோரு நாள் கழித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த செங்கோடன்.

அந்த லாரிக்கு லைனர் மாற்றியது நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. லாரி நின்றது.

செங்கோடன் வீட்டுக்குள் வந்து, கை கழுவி, மனைவி வைத்த தண்ணீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். "ஒரு சாண் வசந்தா. நம்ம புள்ள வண்டிக்கும் என்ற லாரி பம்பருக்கும் நடுவுல இவ்வளவுதான்."

வசந்தாமணி அந்தச் சாணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருவத்தாறு வருசமா நான் ஓட்டறேன். எனக்கு எந்தக் காலும் பிரேக் போடல. நீ நிம்மதியாத்தான இருந்த?"

"நீங்க வண்டி ஓட்டக் கத்துக்கிட்டத நான் பார்க்கலீங்க," என்றார் வசந்தாமணி. "இவ நடக்கக் கத்துக்கிட்டத நான் பார்த்தேன். உழுந்ததையெல்லாம் பார்த்தேன்."

உள்ளேயிருந்து தரணிகா வந்தாள், சாவியைச் சாமி மாடத்தில் வைத்தாள். "நான் பஸ்லயே போய்க்கறேன்பா" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. அது கத்தலைவிட மோசம். வாரம் முழுக்கப் பஸ்ஸில் போனாள், இரண்டாவது பஸ் வராத நாளில் பாதி வழியில் திரும்பி வந்தாள், மூன்று நாள் வகுப்பு போனது, பரீட்சை அட்டவணை வந்தது. செய்முறைத் தேர்வு திங்கட்கிழமை காலை எட்டு மணி. முதல் பஸ்ஸே எட்டேகாலுக்குத்தான் அங்கே போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணி என் பட்டறைக்கு வந்தார். அங்குலம் அங்குலமாகக் காலை வைத்து, முட்டையின் மேல் நடப்பவரைப் போல வந்தார்.

"மேஸ்திரி, இந்தக் கால அறுத்துட முடியுங்களா?"

"அம்மிணி, நான் லைனர் மாத்தறவன்."

"அப்ப நாளைக்கு ஏழுல இருந்து எட்டு வரைக்கும் இது தரையத் தொடாமப் பார்த்துக்கோணும். என்னால முடியாதுங்க. கட்டுல்ல படுத்தாச் செவத்த ஒதைக்கறேன். சேர்ல உக்கோந்தா சேரோட கால ஒதைக்கறேன். பயந்தா அதுவாப் போகுது."

நான் அண்ணாந்து பார்த்தேன். லாரி எஞ்சினைத் தூக்குகிற செயின் பிளாக் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஒரு தார்ப்பாயின் நாலு மூலையையும் கயிறு போட்டுக் கொக்கியில் மாட்டி, வசந்தாமணியை அதில் உட்காரவைத்து, சடையன் சங்கிலியை இழுக்க இழுக்க, அந்த அம்மா கட்டை விரலளவு கட்டை விரலளவாக மேலே போனார். "இன்னுங் கொஞ்சம் தூக்குங்க, கால நீட்டுனா எட்டிருமுங்க" என்று அவரே சொல்லிச் சொல்லி ஆறடி போனார். வலது கால் மட்டும் வெளியே, காற்றில், எதையும் தொடாமல் தொங்கியது. போனை வாங்கி மாரப்பன் பூசாரி மடியில் கட்டிக்கொண்டார். செய்தி எப்படியோ பரவி, பழம் மிதித்த அம்மாக்கள் அத்தனை பேரும் பட்டறையில் வந்து நின்றார்கள். கௌசல்யா டீச்சர் வந்தார். குமரேசன் ஊசி குத்திய சட்டையோடு வந்தார். வீட்டிலிருந்து செங்கோடன் போன் செய்தார்: "கெளம்பிட்டா."

வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கால் வெடுக்கென்று உதைத்தது. காற்றை உதைத்தது. மறுபடி உதைத்தது. மறுபடி. உதைக்க எதுவும் இல்லாத கால், கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து, செடியில் தொங்குகிற புடலங்காய் மாதிரி சும்மா தொங்கத் தொடங்கியது. அப்போதுதான் அது நடந்தது.

கால் தானாக அசைந்தது. உதைப்பு இல்லை, யாரோ மெல்ல அழுத்துவதைப் போல, பாதம் கீழே இறங்கி, ஒரு மூச்சு நேரம் நின்று, மேலே வந்தது.

"நான் பண்ணலீங்க," என்றார் வசந்தாமணி, கண்ணைத் திறக்காமல். "சத்தியமா நான் பண்ணலீங்க மேஸ்திரி."

எனக்குப் புரிந்துவிட்டது. பிரேக் லைன் என்றால் ஒரு முனையில் மட்டுமா ஆள் இருப்பார்? இத்தனை நாளும் இந்த முனையில் இவர் அழுத்திக்கொண்டே இருந்ததால், அந்த முனையில் அவள் அழுத்துவது இவருக்குத் தெரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும்.

"அது பள்ளிக்கூடத்து வேகத்தடை அம்மிணி," என்றேன். "தடைக்கு முன்னாலயே புடிச்சுட்டா. நானா இருந்தா மேல ஏறித்தான் புடிப்பேன்."

கால் மறுபடி இறங்கியது, இரண்டு தடவை, தட்டித் தட்டி. "எடைமேட வளைவு. பின்னால வர்றவனுக்கு லைட்டு காட்டி மெதுவாகறா." பிறகு நீளமாக ஓர் அழுத்தம். "ரயில்வே கேட்டு." கூட்டம் முழுக்க அந்தக் காலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கௌசல்யா டீச்சர், "அடவு சுத்தமா இருக்குதுங்க" என்று முணுமுணுத்தார். பாலத்தின் மேல் கால் அசையவேயில்லை. அசையாமல், நடுங்காமல், பாலத்தின் முழு நீளத்தையும் கடந்தது. வசந்தாமணியின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காது வரைக்கும் போனது.

பிறகு திடீரென்று, பாதம் விறைத்துக் கீழே போனது. முழுக்கப் போனது. தார்ப்பாயே ஆடியது. சடையன் சங்கிலியை விட்டிருந்தால் அந்த அம்மா தலைகுப்புற விழுந்திருப்பார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

பாதம் மெதுவாக மேலே வந்தது. கொஞ்சம் நின்றது. அப்புறம் சும்மா, இலேசாக, ரோடு நேராக இருக்கிறபோது தொங்குவதைப் போலத் தொங்கியது.

எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. பூசாரி ஸ்பீக்கரில் போட்டு மேலே நீட்டினார்.

"அம்மா, வந்து சேர்ந்துட்டேன். வழியில ஒரு கெடா, நெசமாவே குறுக்க வந்துருச்சும்மா, அன்னைக்குப் பார்த்த அதே கெடாதான்னு நெனைக்கறேன். நானும் வண்டியும் சேந்து புடிச்சுட்டோம். நீ பயந்துக்காத."

"தெரியும் கண்ணு," என்றார் வசந்தாமணி. "எனக்கு முந்தியே நீ புடிச்சுட்ட." பிறகு எங்களைப் பார்த்து, "எறக்குங்க" என்றார். தரையில் அந்தக் காலை அவர் வைத்த விதத்தைப் பார்க்கவேண்டுமே, முதல்முறை நடக்கிற பிள்ளை வைப்பதைப் போல வைத்தார்.

இப்போது வெள்ளப்பாறையில் காலை ஏழு மணிக்கு வந்தால், எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் வலது காலைத் தூக்கி முக்காலியிலோ, மிக்ஸி அட்டைப்பெட்டியிலோ வைத்து, பாதத்தை மட்டும் காற்றில் விட்டுக்கொண்டு காபி குடிப்பதைப் பார்க்கலாம். பாதம் தானாக இறங்கும், ஏறும். "எங்க பையன் சந்தை முக்குக்கு வந்துட்டான்," "எங்க பொண்ணு யாருக்கோ வழி விடறா" என்று வாசலுக்கு வாசல் பேச்சு போகும். தினமும் மகளின் வண்டி அந்த ஆட்டைத் தாண்டுகிறபோது வசந்தாமணியின் கால் மட்டும் கொஞ்சம் துடிக்கத்தான் செய்கிறது. அதற்குள் மகளின் அழுத்தம் வந்துவிடுகிறது. அவர் சிரித்துக்கொண்டு வெங்காயத்தை எடுத்து அரிவார். போன் இன்னமும் செய்தி அனுப்புகிறது, பாவம். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சரி, அந்த நாலாவது பழத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கோயிலில் கடும் வெயில். பழமோ நல்ல பழுத்த பழம், சர்பத்துக்கென்றே பிறந்த பழம். நசுங்கி வீணாகப்போகிறதே என்று ஒரு பெரியமனுஷன் தன் கைத்தடியின் நுனியால் அதைத் தன் பக்கமாக மெல்ல உருட்டினான். எடுப்பதற்குள் அந்த அம்மாவின் குதிகால் வந்துவிட்டது. அந்த மனுஷன் யாரென்று நீங்கள் ஊகித்திருந்தால் ஊகத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வசந்தாமணியின் மிதி எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும், எனக்கோ எழுபத்தாறு வயது, என்னிடம் ஏர்பேக்கும் கிடையாது. யார் சொன்னது என்று கட்டாயம் கேட்டால், அந்தக் கெடா சொன்னது என்று சொல்லிவிடுங்கள். அதன் மேல் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு வருத்தம் இருக்கிறது.